மடித்துத் தைக்காத ஓரம்

கிறிஸ்துமஸ் அன்று தையல்காரி வீட்டு மேசைவிரிப்பின் ஓரத்துக்குத் தள்ளிய தட்டு கடலுக்குள் போய், அக்கரையில் அவள் தங்கை வீட்டு மேசையில் ஏறிக்கொள்ளும். கொஞ்சம் ஈரமாயிருக்கும், உப்பு ஒரு சிட்டிகை கூடியிருக்கும், மற்றபடி சேதாரம் கிடையாது. தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தெருவில் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்தால்தான் அதிசயம்.

விரிப்பு அவர்களுடைய அம்மாவுடையது. அம்மா போன பிறகு அக்காதான் தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். புருஷனோடு கடல் கடந்து போகிற அன்றைக்கு, பெட்டியெல்லாம் பூட்டியாகிவிட்டது, டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டேயிருக்கிறார், அப்போது பார்த்துத் தங்கை எனக்கு அந்த விரிப்பு வேணும் என்று நின்றாள். எனக்கும் வேணும் என்றாள் அக்கா. பிடிவாதத்தில் ஒருத்திக்கு ஒருத்தி இளைத்தவள் இல்லை. கடைசியில் தையல்காரி கடைக் கத்தரியை எடுத்துக் குறுக்கே ஒரே இழுப்பில் வெட்டி, “போய் ஓரம் தைச்சுக்கோ” என்று பாதியைத் தங்கை தோளில் போட்டு அனுப்பினாள். தங்கைக்கு ஊசியில் நூல் கோக்கவும் வராது. அக்காவுக்கு ஊரார் துணி தைக்கவே பொழுது போதவில்லை. இரண்டு ஓரமும் பிசிறாகவே கிடந்தன.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பழக்க தோஷத்தில் தங்கைக்கும் ஒரு தட்டும் கரண்டியும் வைத்துவிட்டு, கண் கலங்கி, கரண்டியைத் தள்ளி வைத்தாள் தையல்காரி. அதைக் காணோம். உடனே போன் அடித்தது.

“அக்கா, உன் கரண்டி இங்க கிடக்கு.”

“எந்தக் கரண்டிடி?”

“அம்மாவோடது. காம்பு வளைஞ்சது. ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?”

தட்டையும் தள்ளிப் பார்த்தார்கள், போயிற்று. இங்கே மதியச் சாப்பாடு, அங்கே விடிந்தும் விடியாத காபி வேளை, ஆனாலும் ஒரே பந்தி. தையல்காரியின் புருஷன் பஸ் கண்டக்டர். அவர் எழுந்து நின்று, “முன்னால போ, முன்னால போ, படியில நிக்காத” என்று கேக்கை விரட்டுவார். ஒருமுறை மச்சினியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தலையை விட்டு, மூக்கு நிறைய உப்புத் தண்ணீரோடு திரும்பினார். கை மட்டும்தான் போகும், அதுவும் மணிக்கட்டு வரை. அது போதுமாயிருந்தது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டே தையல்காரி ஒரு கையால் சாப்பிடுவாள். பிறகு தங்கைக்கு மகள் பிறந்தாள். வாலு என்று பெயர் வைத்ததே கண்டக்டர்தான், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கைக்கடிகாரத்தை அவள் கழற்றிக்கொண்ட அன்று. நேரில் பார்த்தறியாத அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தே தையல்காரி கவுன் தைத்தாள். ஒரு வருஷமும் தொளதொளத்ததில்லை, இறுக்கிப் பிடித்ததுமில்லை.

ஒவ்வொரு தட்டு போகும்போதும் ஓரத்தில் ஓர் இழை உருவிக்கொண்டு போவதை அவர்கள் தாமதமாகத்தான் கவனித்தார்கள். அதற்குள் விரிப்பு அரை மேசைக்கு வந்துவிட்டது. அக்கரையிலும் அதே கதைதான். ஒரு வருஷம் டிசம்பர் பிறந்ததும், ரவிக்கை வாங்க வந்த டீச்சரம்மா உள்ளே எட்டிப் பார்த்து, “ஊருக்கெல்லாம் அழகழகா தைக்கிற, உன் வீட்டு மேசையில என்னம்மா இப்படித் தொங்குது?” என்று கேட்டுவிட்டுப் போனார். தையல்காரிக்குச் சுருக்கென்றது. அம்மா துணி மிச்சமாவது நிலைக்கட்டுமே என்றும் இருந்தது. மிஷினில் போட்டு ஓரத்தை மடித்துத் தைத்தாள். கண்ணுக்கே தெரியாத நேர்த்தியான தையல்.

கிறிஸ்துமஸ் மதியம் தட்டு ஓரம் வரை போய் நின்றது. இன்னும் தள்ளினாள், தரையில் விழுந்து உடைந்தது. கையை வைத்தாள், வெறும் மரம்.

“அக்கா, என்ன ஆச்சு?” என்றாள் தங்கை போனில். “வாலு விடியறதுக்கு முன்னாடியே கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பெரியம்மா இன்னும் எந்திரிக்கலையான்னு கேக்கறா.”

“ஓரம் தைச்சுட்டேன்டி.”

தையல்காரி உடைந்த தட்டைக் காலால் ஒதுக்கினாள்.

“தைக்கலைன்னா கரைஞ்சு போயிடும். அம்மாவோடதுன்னு வேற என்ன இருக்கு நமக்கு?”

“என் பாதி பெட்டிக்குள்ள பத்திரமா இருந்து நான் என்னக்கா பண்றது?” என்றாள் தங்கை. “எனக்கு உன் கை வேணும். இருக்கிறவரைக்கும் இருக்கட்டும். பிரிச்சுடு.”

சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, தையல்காரி பிளேடை எடுத்துத் தன் தையலைத் தானே பிரித்தாள். கண்டக்டர் துணியை இழுத்துப் பிடித்தார். கடைசி முடிச்சு விட்டதும் ஒரு சின்னக் கை நனைந்தபடி மேலே வந்து அவள் விரலைப் பற்றியது. மடிப்பு விட்டுப்போனாலும் ஊசித் துளைகள் மூடவில்லை. அவற்றின் வழியாகக் கடல் சொட்டத் தொடங்கியது.

அதற்குப் பிறகு தட்டு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். வாலுவின் கவுன் தபாலில் போயிற்று, மாதக்கணக்கில் தாமதமாக, கை நீளம் குறைந்துபோய். இழைகளையெல்லாம் கைக்கென்று சேமித்தார்கள். அப்படியும் கை போய்வந்த வருஷங்களில் விரிப்பு சாண் அகலமாகி, உள்ளங்கை அகலமாயிற்று. வாலு வேலைக்குப் போனாள். கண்டக்டர் ஓய்வு பெற்றார். தங்கையின் விரல் மூட்டுகள் புடைத்திருப்பதைத் தையல்காரிதான் முதலில் கண்டுபிடித்து, டாக்டரிடம் போ என்று திட்டினாள்.

போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு விரல் அகலம்தான் மிச்சம். ஒரு கை போக முடியாது. தையல்காரி இரண்டு விரலை வைத்தாள், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் வந்து கோத்துக்கொண்டது. மற்றொரு கையால் அவள் போனைப் பிடித்திருந்தாள்.

“ரெண்டு கையும் இப்படி இருந்தா எப்படிச் சாப்பிடுவ? விடு, ஆறுது” என்றார் கண்டக்டர்.

“விடமாட்டேன். ஊட்டுங்க.”

“அத்தான், எனக்கும் இங்க வாலுதான் ஊட்டறா” என்றது போன்.

கண்டக்டர் ஊட்டினார். அக்காவும் தங்கையும் நிதானமாக மென்றார்கள். மேசைக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. கண்டக்டர் கையைக் கழுவிவிட்டு, ஒவ்வொரு வருஷமும் வைக்கிற வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.