கூரம் மார்க்கமாகப் பிரான்ஸ்

சகலமான ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், பிரஜோத்பத்தி வருஷம் பங்குனி மாதத்தில், சின்ன காஞ்சிபுரத்தில், ஐரோப்பாக் கண்டத்து நாகரிக தேசங்களின் வழக்கத்தை அனுசரித்து, ‘ஸ்ரீகாஞ்சி சரித்திர சைக்கிள் யாத்திரை சங்கம்’ என்கிற மகத்தான ஸ்தாபனம் உதயமாயிற்று. சங்கத்துக்குத் தலைவர் ஒருவர், காரியதரிசி ஒருவர், பொக்கிஷதார் ஒருவர், சைக்கிள் ஒன்று.

அந்த ஒரு சைக்கிளும் தலைவருடையது. தலைவர் சம்பத்குமார் ஐயங்கார் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. பெரிய யுத்தத்தின்போது அரசாங்கம் அவரைக் கப்பலில் ஏற்றிப் பிரான்சுக்கு அனுப்பியது. சண்டை போட அல்ல. ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் போர்வைகளை எண்ணி அடுக்க. நார்மண்டிச் சீமையில் இரண்டு வருஷம் போர்வை எண்ணிவிட்டு ஊர் திரும்பியவருக்கு, கடல் தாண்டிய பாவத்துக்காகத் தலையை மழித்து, பஞ்சகவ்யம் புகட்டி, குலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பாவம் போயிற்று. பிரான்ஸ் போகவில்லை. அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தால் பிரான்ஸ்தான்.

“சாலைன்னா அதுதான் ஓய் சாலை. ரெண்டு பக்கமும் நெட்டிலிங்கம் மாதிரி மரம். நடுவுல நீர் ஒருத்தர்தான். ஒரு வண்டி கிடையாது, ஒரு மாடு குறுக்கே வராது. சைக்கிள் தானாப் போகும். ஒரு திருப்பம் திரும்பினா எழுநூறு வருஷத்துக் கல்லுக் கோபுரம். இன்னொரு திருப்பத்துல ஆப்பிள் தோப்பு...”

“அங்கே பெருமாள் கோவில் உண்டோ?” என்று காரியதரிசி சக்ரவர்த்தி கேட்பார். பொக்கிஷதார் முரளீதரன், “அந்த ஆப்பிள் இங்கே வந்து சேர என்ன ஆகும்?” என்பார். கேட்பவர்கள் இந்த ரகம்தான் என்பது சம்பத்குமாருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெருவில் வேறு யாரும் உட்கார்ந்தே கேட்பதில்லை.

சங்கம், சரித்திரம் என்பதெல்லாம் மேல்பூச்சு. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ஆள் நடமாட்டமில்லாத சாலையில் தன் பக்கத்தில் இன்னொரு சைக்கிளின் சத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக மிதித்து அவர் பார்க்காத ஊரில்லை. ஐயம்பேட்டைக்குப் போனார், முசரவாக்கத்துக்குப் போனார். ஒவ்வொரு ஏரிக்கரையிலும் மனசுக்குள் ஒரு பிரெஞ்சு ஊரின் பெயரை நட்டுவைத்துப் பார்த்தார். ஒன்றும் வேர் பிடிக்கவில்லை. அங்கே அவர் தனியாகச் சைக்கிள் விட்டதே கிடையாது, கோளாறு அதுதான்.

பக்கத்தில் விட்டவர் சாமுவேல். அவரும் காஞ்சிபுரத்துக்காரர்தான், ஊருக்கு வெளியே இருக்கும் சேரியில் பிறந்தவர். ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைத் தூக்கிக் கிடத்தும் வேலை. இங்கே ஒரே தெருவில் நடக்கமுடியாத இருவரும் அங்கே ஞாயிறு பிற்பகல்களில் ராணுவ சைக்கிள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஜோடியாகப் புறப்படுவார்கள். தமிழ் பேச வேறு ஆளில்லை. அங்கே சாமுவேல் அவரைச் ‘சம்பத்து’ என்றார். ‘நீ, வா, போ’ என்றார். ஒருநாள் ஒரு பண்ணைவீட்டுக் கிழவி இருவருக்கும் சேர்த்து ஒரே குவளையில் ஆப்பிள் சாறு கொடுத்தாள். இரண்டு சிநேகிதர்களுக்கு இரண்டு குவளை எதற்கு என்று அந்தக் கிழவிக்குத் தோன்றவே இல்லை. சாமுவேல் பாதி குடித்துவிட்டு நீட்டினார். சம்பத்குமார் வாய் வைத்துக் குடித்தார். ஊர் திரும்பியதும் புரோகிதரிடம் கடலைச் சொன்னார், குவளையைச் சொல்லவில்லை.

கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிய அன்று சாமுவேல் தாமாகவே கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, “மூட்டைய எறக்கட்டுமா சாமி?” என்றார். அவ்வளவுதான். இப்போது பெரிய காஞ்சிபுரத்தில், ரயில்வே கேட் அருகே, வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். சம்பத்குமார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொள்வார். காற்று இருந்தாலும் அடித்துக்கொள்வார்.

சங்கத்தின் முதல் யாத்திரை கூரத்துக்கு என்று தீர்மானமாயிற்று. கூரத்தாழ்வான் அவதரித்த ஊர். போதாக்குறைக்குப் பல்லவர் காலத்துச் செப்பேடு கிடைத்த ஊர். காரியதரிசிக்கும் பொக்கிஷதாருக்கும் சாமுவேல் கடையில் இரண்டு சைக்கிள் சொல்லியாயிற்று. புளியோதரை தலைவர் பொறுப்பு, வழித்தடம் காரியதரிசி பொறுப்பு, தண்ணீர்க் கூஜா பொக்கிஷதார் பொறுப்பு என்று விதிகள் வகுத்தார்கள். விதிகள் வகுத்த கையோடு, மங்களகரமாக இருக்கட்டும் என்று, தலைவரின் சைக்கிள் மட்கார்டில் நாமம் தீட்டலாம் என்றார் சக்ரவர்த்தி.

எந்த நாமம்?

சின்ன காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் கிடையாது. பாதம் வைத்த தென்கலை நாமமா, பாதம் இல்லாத வடகலை நாமமா? காரியதரிசி ஒரு கலை, பொக்கிஷதார் மறு கலை. யார் எது என்று எழுதுவது உசிதமல்ல. கடைசியில் முன் மட்கார்டில் ஒன்று, பின் மட்கார்டில் மற்றொன்று என்று தலைவர் சமரசம் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு.

“முன் சக்கரம் எங்களோடது” என்றார் சக்ரவர்த்தி.

“வெச்சுக்கோங்கோ. வண்டியத் தள்றது பின் சக்கரம்தான். நாங்க தள்ளினாத்தான் நீங்க போவேள்” என்றார் முரளீதரன்.

“அப்போ எங்க பின்னாடி வரேள்னு ஒத்துக்கறேள்!”

அதோடு சரி. யாத்திரை அன்று விடியற்காலையில் சம்பத்குமார் புளியோதரைப் பொட்டலத்தைக் காரியரில் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி நாமகிரி வாசலில் கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏன்னா, ரெண்டு பேரும் வரலையாம். சொல்லியனுப்பிட்டா.”

“ரெண்டு பேருமா?”

“அதுல மட்டும் ஒத்துமை. நீங்க சமத்தா உள்ளே வாங்கோ. பிரான்ஸ் எங்கேயும் ஓடிப்போயிடாது.”

அவர் உள்ளே போகவில்லை. சொல்லிவைத்த சைக்கிள்கள் வேண்டாம் என்றாவது சாமுவேலிடம் சொல்லவேண்டுமே என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டு மிதித்தார். கூஜா பொக்கிஷதார் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தெரு முழுக்க, தறிக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கிச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “ஐயரே, சக்கரத்தப் பாத்து! நூலு அறுந்துச்சுன்னா உங்க பூணூலத்தான் முடிச்சுப் போடணும்!” என்று பாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தெருவே சிரித்தது. சங்கத் தலைவர் கம்பீரமாகக் காதில் வாங்காமல் போனார்.

கடை வாசலில் இரண்டு சைக்கிள்கள் துடைத்து நின்றன. சாமுவேலுக்கு மீசை நரைத்திருந்தது. தோளில் நார்மண்டிக் காலத்து ராணுவத் தண்ணீர்க் குப்பி தொங்கியது. அதன் துணி உறை எப்போதோ போய்விட்டது. நசுங்கிய அலுமினியம் மட்டும் மிச்சம்.

“வண்டி வேண்டாம் சாமுவேல். அவா வரலை.”

“ஏன் சாமி, ஒடம்புக்கு?”

“நாமத்துக்கு.”

சாமுவேல் சிரிக்கவில்லை. மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது. கடைக்குள் போய்ப் பம்பையும் ஒட்டுப்போடும் டப்பியையும் எடுத்துவந்தார், கதவைச் சாத்தினார்.

“தொடச்ச வண்டி சும்மா நிக்குது. ஒண்ண நான் எடுத்துக்கினு வரேன்.”

“ஞாயித்துக்கிழமை. உன் கோவில்?”

“வூட்டுக்காரி மேரி போறா. என் பாவத்தையும் சேத்து அவளே சொல்லிடுவா. என்னைவிட அவளுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

ஊர் எல்லை வரை சாமுவேல் நாலைந்து கஜம் பின்னாலேயே வந்தார். கடைசி வீடு மறைந்து, ஏரிக்கரைப் புளியமரங்கள் தொடங்கிய இடத்தில், யாரும் சொல்லாமலே அந்தச் சைக்கிள் பக்கத்துக்கு வந்துவிட்டது. சம்பத்குமார் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பின்னால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. இரண்டு சங்கிலிகளின் கிறுகிறுப்பு; நாலு டயர்களுக்கடியில் சருகு நொறுங்கும் சத்தம். புளியமரங்கள் மெல்ல உயர்ந்து பிரான்சின் நெடிய பாப்லர் மரங்களாயின. ஏரியில் கலங்கல் நீர் போய் மூடுபனி வந்தது. எங்கேயோ மணிகூட அடித்தது. அது மாட்டுக் கழுத்து மணிதான், அதனால் என்ன?

“அந்தக் கெழவிக்கு ஒரு நாய் இருந்துச்சே” என்றார் சாமுவேல் திடீரென்று. “மூணு காலு.”

சம்பத்குமாருக்கு ஹாண்டில் ஆடியது. இத்தனை வருஷமாக அவர் எத்தனையோ பேரிடம் பிரான்சைச் சொல்லியிருக்கிறார். அந்த நாயை மறந்தே போயிருந்தார். “மூணு கால்தான்” என்றார்.

கூரத்துக்குக் கொஞ்சம் முன்னால், மரமே இல்லாத பொட்டலில், தலைவரின் பின் சக்கரம் ஒரு கருவேல முள்ளை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தது. சாமுவேல் டயரைக் கழற்றி, டியூபை உருவி, காற்றடித்து மடியில் வைத்துக்கொண்டார். தோள் குப்பியைத் திறந்து, டியூபின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைச் சாய்த்தபடி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். சம்பத்குமார் எதிரே நின்று பல்லவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மகேந்திரவர்மனில் ஆரம்பித்துச் செப்பேட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒட்டுப் போட்டாயிற்று.

பிறகு பசித்தது. வழியோரத்து ஈச்சம் புதர் நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். வாழைச் சருகைக் கிழித்து, பாதிக்கு மேலேயே அள்ளி வைத்து நீட்டினார். சாமுவேல் இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். கொடுப்பதில் தீட்டு இல்லை. அது சாஸ்திரத்துக்கும் சௌகரியம், மனசுக்கும் சௌகரியம். வாங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாமகிரியின் புளியோதரை உப்பும் உறைப்புமாகத் தொண்டையில் இறங்கியது. வெயில் ஏறியது. கூரத்தின் மரங்கள் தூரத்தில் தெரிந்தன. அங்கே போனால் அக்கிரகாரத்தில் அவருக்கு வெள்ளிச் செம்பில் தண்ணீர் வரும், சாமுவேல் தெருமுனையில் நிற்பார். அதற்கு முன்னால் இந்தப் பொட்டலில் கிணறு இல்லை, குளம் இல்லை, ஆளில்லை. சாமுவேலின் தோளில் அந்தக் குப்பி.

சம்பத்குமார் அதைப் பார்த்தார். நார்மண்டியில் அந்தக் குப்பியில் எத்தனை முறை குடித்திருக்கிறார்! இன்று கையை நீட்டிவிட்டால் பஞ்சகவ்யம், புரோகிதர், மழித்த தலை எல்லாம் வீண். நீட்டாவிட்டால் இன்றைக்கு வந்த இத்தனை தூரமும் வீண். புளியமரம் புளியமரமாகவே நிற்கும். மூன்று கால் நாய் திரும்பவும் காணாமல் போகும். அடுத்த ஞாயிறு சக்ரவர்த்தி, அங்கே பெருமாள் கோவில் உண்டோ என்று கேட்பார். சாலையின் அந்தக் கோடியைப் பார்த்தார், இந்தக் கோடியைப் பார்த்தார். பார்த்ததற்காகத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

“சாமுவேல், குப்பியக் கொடு.”

சாமுவேல் மெல்லுவதை நிறுத்தினார். நீட்டிய கையை வெகுநேரம் பார்த்தார். அதில் புளியோதரை மஞ்சள் ஒட்டியிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டார். எழுந்து கிட்டே வந்து, தோளிலிருந்து கழற்றி, மூடியைத் திருகி, குப்பியை அந்தக் கையில் வைத்தார்.

“குடி, சம்பத்து.”

பஞ்சகவ்யத்துக்கு முந்தைய அந்தப் பெயர் காதில் விழுந்ததும் சம்பத்குமாருக்குக் கண் நிறைந்துவிட்டது. உயரத் தூக்கி ஊற்றிக்கொள்ளலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்கள். அவர் தூக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நசுங்கிய அந்த அலுமினிய வாயில் தன் வாயை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்தார்.

குப்பியிலிருந்த தண்ணீர் முழுவதும் டியூபில் ஓட்டை தேடியதிலேயே செலவாகியிருந்தது.