கண் முன்னால் வராத கோளாறு

ஒரே மிதியில் வண்டி ஸ்டார்ட் ஆனது. தனசேகரன் விளக்கைப் போட்டான். போலீஸ் ஸ்டேஷன் பின்சுவரில், அந்தக் காலை வெளிச்சத்திலும், மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது.

ஹேண்டில்பாரை இடப்பக்கம் கடைசி வரை திருப்பினான். எரிந்தது. வலப்பக்கம் திருப்பினான். எரிந்தது. டேங்குக்கு அடியில் போகும் வயர்க் கட்டைப் பிடித்து இழுத்தான், கசக்கினான். பியூஸ் பெட்டியை விரலால் சுண்டினான். பின்சக்கரத்தைத் தூக்கித் தொப்பென்று கீழே போட்டான். கண்ணாடியில் ஒட்டியிருந்த வயல் சேறுதான் உதிர்ந்தது. வெளிச்சம் மங்கக்கூட இல்லை.

"ஒரு வாட்டி" என்றான் வாய்க்குள். "ஒரே ஒரு வாட்டி அணைஞ்சிடு."

"இன்னாபா பண்ற அங்க?" ஏட்டு வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "பிரேக் இன்ஸ்பெக்டர் பாக்கறதுக்கு முன்னாடி யாரும் கை வெக்கக் கூடாது, தெரியும் இல்ல?"

"எங்க மாமா வண்டி சார்."

ஏட்டு உள்ளே போனார்.

மாமா என்றால் அவன் அக்கா பொன்னியம்மாளின் புருஷன் வேலாயுதம். கூரத்தில் ஒன்றரை ஏக்கர் நெல், இருபத்துநாலு வருஷத்து வண்டி ஒன்று. ஓரிக்கை ரோட்டில் மச்சான் பைக் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும்போது அந்த வண்டியை வேறு ஒருவன் தொட அவர் விட்டதில்லை.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் வந்தார். "நல்லா ஓடிக்கினே இருக்குது சேகரு. திடீர்னு லைட்டு, ஆரனு ரெண்டும் ஒண்ணா பூடுது. இஞ்சின் மட்டும் ஓடுது. கொஞ்ச நேரத்துல தானா வந்துடுது."

கடை வாசலில் நிற்கும்போது அந்த வண்டி பள்ளிக்கூடத்து நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. ஓடவே ஓடாத வண்டியை அரை மணியில் பிடித்துவிடலாம். வந்து வந்து போகிற கோளாறு கண் முன்னால் வந்தால்தான் உண்டு. பேட்டரி முனைகளைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினான். மறுபடி வந்தார். சாவி சுவிட்சை மாற்றினான், எர்த் வயரைப் புதிதாகப் போட்டான். மூன்றாம் முறை, போன ஞாயிற்றுக்கிழமை, அவனே எடுத்துக்கொண்டு பாலாற்றங்கரை வரைக்கும் பள்ளம் பள்ளமாகத் தேடி ஓட்டிவிட்டு வந்தான். ஒரு தரம்கூட அணையவில்லை.

"வேணும்னா வண்டிய இங்கியே உட்டுட்டுப் போவட்டா?" என்று கேட்டார் வேலாயுதம்.

"நாத்து நடுற நேரத்துல எதுக்கு மாமா? ஒண்ணும் இல்ல. தைரியமா ஓட்டுங்க."

அவர் தைரியமாகத்தான் ஓட்டிப் போனார். நேற்று இருட்டும் நேரத்தில், ஏரிக்கரைத் திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய், மதகுக் கல்லில் தலை மோதி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆடு ஓட்டிவந்தவர் ஒருவர்தான் அங்கே இருந்தார். தனசேகரன் ராத்திரியே அவரைத் தேடிப் போய்க் கேட்டான்.

"சத்தம் கேட்டுத்தாம்பா திரும்பினேன். லைட்டு இருந்துதா இல்லியான்னு நான் பாக்கல. நாய் ஒண்ணு ஓடுச்சி. வண்டியத் தூக்கும்போது லைட்டு எரிஞ்சிக்கினுதான் இருந்துது."

விழுந்த அதிர்ச்சியில் விட்டுப்போன இடம் மறுபடி ஒட்டியிருக்கலாம். இல்லை, விட்டே போகாமலும் இருந்திருக்கலாம்.

செல்போன் அடித்தது. அக்கா மகள் துர்கா.

"மாமா, ஆஸ்பத்திரில அப்பாவக் குடுக்கப் போறாங்களாம். கையெழுத்துப் போட ஆளு கேக்குறாங்க. எங்க கீறீங்க?"

"வந்துட்டேன்மா."

சாவியைத் திருப்பி அணைத்தான். அப்போது மட்டும் உடனே அணைந்தது.

கூரத்தில் பந்தல் போட்டு, பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னியம்மாள் அழுது ஓய்ந்து, புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் பக்கத்தில் கூப்பிட்டு, சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டேசனுக்குப் போனியாமே. வண்டியப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"லைட்டு எரியுதா?"

வாசலில் ஈயை விரட்டிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் கையை நிறுத்தி இவர்களைப் பார்த்தார்.

"எரியுதுக்கா."

பொன்னியம்மாள் மூச்சை இழுத்து விட்டாள். "நான் அப்பவே சொன்னேன், கேட்டுக்கோங்க" என்றாள் சுற்றியிருந்த பெண்களிடம். "ஆளாளுக்கு வண்டி, வண்டின்னாங்க. எந்தம்பி பாத்துக் குடுத்த வண்டி அப்படிப் பண்ணாது. அவரு நேரம் அப்படி." அவன் கையை அழுத்தினாள். "ஞாயித்துக்கெழம வந்து எவ்ளோ சந்தோசமா சொன்னாரு தெரியுமா? சேகரே ஓட்டிப் பாத்துட்டான், இனிமே பயம் இல்லன்னாரு. நீ மனசுல எதுவும் வெச்சிக்காதப்பா."

இப்போது எரிவதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவன் வாயைத் திறந்தான். பறைச் சத்தம் சற்று ஓய்ந்தது, சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகம் காலையிலிருந்து முதல் தடவையாகக் கொஞ்சம் தளர்ந்திருந்தது. துர்கா ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். அக்கா வாங்கிக் குடித்தாள்.

"பொறந்த ஊட்டுக் கோடி போடறவங்க வாங்கப்பா, நேரம் ஆவுது" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

தனசேகரன் பையைப் பிரித்தான். வரும் வழியில் ராஜவீதிக் கடையொன்றில் கோடிக்கென்று வாங்கிய வெள்ளை நூல் புடவை. இரண்டு கையாலும் எடுத்து அக்காவின் தோளில் போர்த்தினான். பெண்கள் ஓவென்று அழத் தொடங்கினார்கள்.

புடவையின் ஓரத்தில் அவன் கட்டைவிரல் அப்படியே கறுப்பாகப் பதிந்திருந்தது. காலையில் வண்டியைத் தொட்டதிலிருந்து அவன் கை கழுவவில்லை.

பொன்னியம்மாள் அதைப் பார்த்தாள். அந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.