ஆயிரத்து நூறு மோட்டார் சைக்கிள்கள்

மூன்றாவது அடியில் அப்பாவின் அறைப் பூட்டு தெறித்தது. நான்காவதைக் கதவுக்கே கொடுக்கத் தம்பி சுத்தியலை ஓங்கியபோது அக்கா குறுக்கே வந்து நின்றாள். கூடத்தில், சவப்பெட்டிக்குள் அப்பா. இவ்வளவு சத்தம் கேட்டும் அவர் எழுந்து வராதது இதுவே முதல் தடவை.

"விலகுக்கா. ஒண்ணு விடாம கிழிச்சுப் போட்டுட்டுத்தான் அவரை எடுக்க விடுவேன்."

"கிழிடா. அப்புறம் அவருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

உள்ளே ஆயிரத்து நூறு பழைய மோட்டார் சைக்கிள் பத்திரிகைகள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். அவற்றைச் சேர்த்த அப்பா சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில்கூட உட்கார்ந்ததில்லை, பயம். நேற்றுக் காலை மேல்தட்டைத் தூசி தட்டும்போது ஏணியிலேயே மாரடைப்பு. உடலை இறக்கியதும் அக்காதான் அறையைப் பூட்டினாள். அட்டையில் ஒரு மடிப்பு விழுந்ததற்குத் தம்பியின் சுண்டுவிரலை ஒடித்தவர் அவர். ஈரத்துணியோடு அந்த அறைக்குள் போன அம்மாவுக்கு அன்றோடு இடது காது போயிற்று. தனக்கு விழுந்ததை அக்கா யாரிடமும் சொன்னதில்லை.

"இந்த வீட்ல இனிமே யாரும் யார் மேலயும் கை நீட்டக் கூடாது. அது அவரோடயே போகட்டும். அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்டா."

தம்பி சுத்தியலை அவள் கையில் திணித்துவிட்டுச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பழைய பத்திரிகைச் சேகரிப்பாளர் சங்கத் தலைவர் வந்து சேர்ந்தார். சங்கத்தில் மொத்தம் ஏழு பேர், நேற்றிலிருந்து ஆறு. ஒரு பூங்கொத்து, மூன்று பக்க இரங்கலுரை, நான்கு காலி அட்டைப்பெட்டிகள்.

"காகிதத்தைக் கைக்குழந்தையா ஏந்தின மாமனிதர்! அந்தக் கை ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நினைச்சதில்ல!"

அம்மா வலது காதைத் திருப்பினாள். "என்னடி சொல்றாரு?"

"ஒண்ணுமில்லம்மா."

அக்கா சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். தலைவர் கேட்காமலேயே அறைக்குள் நுழைந்தார்.

"அடடா, முதல் இதழ்! இதுக்காக எவ்வளவு அலைஞ்சிருப்பேன்!" உறையை உரித்தார். விரலை நாக்கில் தொட்டார். பக்கத்தைப் புரட்டினார்.

பளார்.

அவர் மூக்குக்கண்ணாடி பறந்து அலமாரிக்கு அடியில் விழுந்தது. தலைவர் தம் அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அது அவரோடு சேர்ந்து நசுங்கியது. அக்காவின் வலது கை இரண்டாவதற்கும் ஓங்கியிருந்தது.

"எச்சில் தொட்டா புரட்டற? கையை ஒடிச்சிடுவேன்!"

சின்ன வயதிலிருந்து கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா குரலில் கேட்ட வாக்கியம். ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை.

கூடத்தில் அம்மா பழக்கம் தவறாமல் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள்.

தம்பி எழுந்தான். கண்ணாடியைத் தேடி எடுத்துச் சட்டையில் துடைத்துத் தலைவரிடம் கொடுத்தான். அக்காவை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சவ வண்டி வாசலில் வந்து நின்றது.

"பெட்டி கனமா இருக்கு. யாராவது இந்தப் பக்கம் பிடிங்க," என்றார் ஓட்டுநர்.

அக்கா போய் இடது கையால் பிடித்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.