சாம்பல் கோடு விழுந்த கல்

அந்த வாரம் முழுக்கக் கல் டீச்சருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவள் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. பத்து வருடமாக ஒரே மலையைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவளுக்கு இந்தப் பட்டம்கூடக் கொடுக்காவிட்டால் எப்படி?

அந்த மலையில் இரண்டு விதக் கல். ஒன்று இளஞ்சிவப்புக் கிரானைட். மற்றது சாம்பல் நிறக் காரப்பாறை. சோடியமும் பொட்டாசியமும் அதில் தூக்கல், குவார்ட்ஸ் மருந்துக்கும் கிடையாது. டீச்சரின் கட்சி இதுதான்: ஒரு காலத்தில் இரண்டு கண்டங்கள் முட்டிக்கொண்டன. முட்டியதில் நிலத்தின் மேலோடு மடிந்து தடித்தது. கனத்த போர்வைக்குள் சிக்கியதுபோல் அதன் அடிப்பாகம் மெல்ல மெல்லச் சூடேறி உருகியது. அந்தக் குழம்பு மேலே வந்து கிரானைட்டாக உறைந்தது. சண்டையெல்லாம் ஓய்ந்து வெகுகாலம் கழித்து, தடித்த மேலோட்டின் கனமான அடிவேர் பிய்ந்து கீழே அமிழ்ந்தது. காலியான இடத்துக்கு ஆழத்திலிருந்து சூடான பாறை எழும்பி வந்தது. அதில் துளியூண்டு உருகி மேலே வந்ததுதான் காரப்பாறை. ஆக, கிரானைட் மூத்தது, காரப்பாறை இளையது.

கூட வேலை பார்க்கும், எல்லோரும் தாடி என்றே கூப்பிடுகிற பேராசிரியர், இதை ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"கதை நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா கண்டங்க முட்டறதுக்கு முன்னாடியே காரப்பாறை வந்தாச்சு" என்பார்.

இரண்டு பாறையும் தொட்டுக்கொள்ளும் இடம் மண்ணுக்கடியில் மறைந்து கிடந்ததால், யார் சொல்வது சரி என்று கண்ணால் பார்க்க வழியில்லை. கடைசியில் இரண்டு பாறைக்கும் வயது பார்த்தார்கள். பாறையை இடித்துச் சலித்தால் ஜிர்கான் என்ற தாதுவின் பொடி மணிகள் கிடைக்கும். அவற்றுக்குள் யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். மணிகளை நுண்ணோக்கியடியில் ஊசியால் பொறுக்கியது டீச்சரேதான். முடிவு தாடி பக்கம் விழுந்தது. காரப்பாறைதான் மூத்ததாம். டீச்சர் சொன்னது தப்பு என்று இருவரும் சேர்ந்தே எழுதிய கட்டுரை திங்கட்கிழமை ஆய்விதழுக்குப் போக வேண்டும். உண்மை என்றால் தலைவணங்கத்தானே வேண்டும் என்று அவளும் சம்மதித்துவிட்டாள். வலி மட்டும் போகவில்லை.

சனிக்கிழமை நாத்தனார் புதுச் சமையலறைக்குக் கல் பார்க்க அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"வாங்க அண்ணி, உங்க படிப்பு என் அடுப்படிக்காவது உதவட்டும்."

கடையில் பளபளவென்று பலகைகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. நாத்தனார் ஒரு பொட்டு மாசில்லாத இளஞ்சிவப்புப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள். டீச்சர் சும்மா பின்பக்கம் எட்டிப் பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். சுவரோரம் ஒரு பலகை. அதே இளஞ்சிவப்பு. குறுக்கே சாம்பல் கோடு ஒன்று ஓடியது.

"அது கழிச்சது மேடம். ரெட்டைக் குன்றுக்குப் பின்னாடி, குவாரியில ஆழமா வெட்டறப்ப இப்படிக் கோடு விழுந்ததும் வந்துடும்" என்றார் கடைக்காரர்.

ரெட்டைக் குன்று அவளுடைய மலை! டீச்சர் முட்டிபோட்டு உட்கார்ந்து மூக்கு உரசுமளவுக்குப் பார்த்தாள். சாம்பல் கோடு இளஞ்சிவப்புப் படிகங்களைக் கத்தியால் அரிந்ததுபோல் இரண்டாக்கியிருந்தது. கோட்டின் ஓரங்களில் படிகங்கள் பொடிப்பொடியாக இருந்தன. ஆறிக் கிடந்த கிரானைட்டுக்குள் சூடாக நுழைந்து சட்டென்று உறைந்தால்தான் அப்படி இருக்கும். கோட்டின் நடுவே, வரும் வழியில் விழுங்கிய வேறு ஏதோ பழைய பாறையின் கறுப்புத் துண்டுகள்.

அப்படியானால் காரப்பாறைதான் இளையது. பின்னே வயது ஏன் தப்பாக வந்தது? அவளுக்குச் சுரீரென்றது. தெளிவான மணிகளை மட்டும் எடு, கலங்கியதில் ஈயம் கசிந்து வெளியேறி வயது தப்பிவிடும் என்பது அவர்கள் தொழிலில் பால பாடம். அதன்படி அவளும் கண்ணாடிபோல் இருந்ததையெல்லாம் பொறுக்கினாள். அவை விழுங்கப்பட்ட பழைய பாறையின் மணிகள்! காரப்பாறைக்குச் சொந்தமானவை, கலங்கல் என்று அவள் ஒதுக்கிய உடைசல்கள்.

"என்ன அண்ணி, அழறீங்க?" நாத்தனார் ஓடி வந்தாள்.

"இந்தக் கல்லு எனக்கு வேணும். நடுவுல வந்தது பார், அது காரப்பாறை."

"காரமா? சமையலறைக்குப் பொருத்தம்தான்." நாத்தனார் கோட்டைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், கடைசியாக மாசில்லாத பலகையை ஏக்கத்தோடு பார்த்தாள். "சரி, இதையே ஏத்துங்கப்பா. என் அண்ணி கல்லைப் பாத்து அழுது நான் பாத்ததில்லை."

தாடியிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் முணுமுணுத்தார். ஆனாலும் கட்டுரையை நிறுத்திவைத்தார். ஒதுக்கியதைப் போட்டுவைத்த புட்டியிலிருந்து கலங்கிய மணிகளை எடுத்து, அவற்றில் அங்கங்கே தெளிவாயிருந்த புள்ளிகளைத் தேடித் தேடிக் குறித்தார்கள். அந்தப் புள்ளிகளைச் சுட்டு வயது அளக்கும் லேசரை அவரே இயக்கினார். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே கிரானைட்டைவிட இளையவை. தாடி தன் தாடியைச் சொறிந்துகொண்டார். பிறகு கட்டுரையைத் திறந்து முடிவுரை முழுவதையும் அழித்தார்.

"சொல்லுங்க மேடம். என்ன எழுதட்டும்?"

"பத்து வருஷமா சொல்லிட்டிருக்கேனே, அதையே எழுதுங்க" என்றாள் டீச்சர்.