வரைபடத்தில் ஏறிய மிதவை வீடு

தா மகாம் நகரத்தின் பழைய வரைபடத்தை நூலகச் சுவர் முழுக்க வரைந்து முடித்திருந்தார் தவின். நாற்பது வருடம் பூகோளம் நடத்திய கை, லேசில் தப்பு செய்யாது. இடிந்துபோன கோட்டை மதில், ரயில் நிலையம், தீயில் எரிந்த சந்தை, அரிசி ஆலை, கோயில் படித்துறை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஆறு, நீலமாக, சுத்தமாக, காலியாக.

அந்தக் காலியிடம்தான் பிகுனுக்குப் பொறுக்கவில்லை. மூங்கில் மிதவைமேல் கட்டிய வீட்டில், அந்த ஆற்றின் மேலேயே பிறந்து வளர்ந்தவள். அப்படி இருநூறு வீடுகள் இருந்தன. நாளைக்கு வரைபடத்துக்குத் திறப்பு விழா.

"எங்க வீடு எங்க, வாத்தியாரே?" தவினோடு ஒரே பெஞ்சில் படித்தவள், மரியாதையெல்லாம் அவ்வளவுதான்.

"அதை எங்க போடுறது பிகுன்? ஏப்ரல்ல ஆத்து நடுவுல கெடக்கும், செப்டம்பர்ல கரையோட ஒட்டி நிக்கும். வரைபடம்னா நிலையா ஒரு இடம் வேணும்."

"எங்கம்மா மீன் வறுக்கும்போதெல்லாம் கரெக்டா வந்து நிப்பியே. அப்ப மட்டும் இடம் தெரிஞ்சுதாக்கும்?"

தவின் சிரித்தார். தூரிகையை மட்டும் எடுக்கவில்லை.

பிகுன் பையிலிருந்து ஒரு சின்ன வீட்டை எடுத்தாள். தீப்பெட்டியில் செய்தது, தகரக் கூரைக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். மூன்று நாள் வேலை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மிதவைகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. யாரும் வீட்டை இழுத்துக்கொண்டு போகக் கூடாதென்று, கரையிலிருந்த புளியமரத்தடி முளையில் கயிற்றை இறுக்கி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள். ஆற்றுக்காரப் பிள்ளை கனவிலும் செய்யக் கூடாத காரியம். மறுநாள் காலையில் தண்ணீர் ஏறியது. கயிறு இடம் கொடுக்கவில்லை. வீட்டின் ஒரு பக்கம் அப்படியே தண்ணீருக்குள் போனது. அரிசிப் பானை, மீனை ஊறவைத்த ஜாடி, அப்பாவின் ரேடியோ எல்லாம் ஆற்றோடு போயின. அம்மா ஓடிவந்து அரிவாளால் கயிற்றை அறுத்தாள். திட்டவே இல்லை. அதனாலேயே ஐம்பத்து நான்கு வருடமாகப் பிகுன் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் விசைப்படகு வந்து, மிச்சமிருந்த வீட்டை இழுத்துப் போனது.

இதையெல்லாம் அவள் தவினிடம் சொல்லவில்லை. ஆனால் கையிலிருந்த வீட்டை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க முளை அந்தப் புளியமரத்தடியிலதானே? அது நகராதே" என்றார் கடைசியில்.

வரைபடத்தில் அந்த மரம் இருந்த இடத்தில் ஆணி அடித்தார். தீப்பெட்டி வீட்டில் நூல் கட்டி, வாத்தியார் புத்தி போகுமா, ஆணியோடு ஒட்டினாற்போல் இறுக்கி, நேராக நிறுத்தினார்.

பிகுன் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"நூலை விடு தவின்."

கொஞ்சம் விட்டார்.

"இன்னும் விடு. தண்ணி ஏறும்."

அவர் விட்டார். வீடு நழுவி, மரத்துக்குக் கீழே வளையும் ஆற்றின் நடுவுக்கு வந்து, நீரோட்டத்தின் பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

"கோணலா இருக்கே" என்றார் தவின்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் பிகுன். மின்விசிறிக் காற்றில் வீடு லேசாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.