நாலு மூட்டை மணல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா சொல்வாள். அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில், "அவன்கிட்ட பேசறதுக்கு முன்னாடி மூஞ்சியப் பாரு, சரியா இருந்தா மட்டும் வாயத் திற" என்று பாடம் எடுத்தவள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

படகுத்துறையை ஒட்டிய தகரக் கொட்டகைதான் என் பட்டறை. சின்னப் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பேன், அவற்றுக்கேற்ற புரொப்பலரைத் தேர்ந்து மாட்டித் தருவேன். மூன்று இதழ், மாட்டினால் சுற்றும், அவ்வளவுதானே என்று வந்து நிற்பார்கள். அட போங்கய்யா! இதழின் சாய்வில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பிட்ச் என்போம். பிட்ச் கூடினால் வேகம் வரும், ஆனால் சுமை ஏறினால் எஞ்சின் மூச்சு முட்டும். குறைந்தால் சுமையை இழுக்கும், வேகம் மட்டுப்படும். எந்தப் படகுக்கு எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது.

அதற்காகத்தான் பட்டறை மூலையில் மணல் மூட்டைகள் வைத்திருக்கிறேன். ஒரு மூட்டை ஒரு ஆள் கணக்கு. வழக்கமாக எத்தனை பேர் போவார்களோ அத்தனை மூட்டையைப் படகில் ஏற்றி, முழு வேகத்தில் விட்டு, எஞ்சினின் சுற்று மீட்டரைப் பார்ப்பேன். ஐயாயிரத்தைத் தாண்டினால் சரி. தாண்டாவிட்டால் புரொப்பலரைக் கழற்று, அடுத்ததை மாட்டு. முணுமுணுக்காத வாடிக்கையாளர் கிடையாது. மூட்டை ஏற்றாமல் யாரையும் அனுப்பியதும் கிடையாது, ஒரே ஒருவனைத் தவிர.

என் அண்ணன்.

எங்கள் வீடு தண்ணீருக்கு அக்கரையில். கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பட்டறை இருக்கும் இக்கரையில். சாலை கிடையாது, அண்ணனின் படகுதான் எங்களுக்குக் கால். ஒரு நாள் அவன் பட்டறைக்கு வந்து, "நேத்து வந்தவனெல்லாம் என்னத் தாண்டிப் போறான்டா. வேகமா போற மாதிரி ஒண்ணு மாட்டு" என்றான். மாட்டலாம் என்றேன். அப்போது வேறு இரண்டு படகுக்காரர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதுபட, "உனக்கு நிச்சயமா தெரியுமா, இல்ல குத்துமதிப்பா சொல்றியா?" என்று கேட்டுவிட்டான்.

வந்ததே கோபம். அளவில் இரண்டு படி கூடிய பிட்ச்சை எடுத்து மாட்டினேன். அவன்தான் மூலையைக் காட்டி, "மூட்டை ஏத்த வேணாமா?" என்றான். பாருங்கள், அவனேதான் கேட்டான்.

"மூட்டையும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம். பதினஞ்சு வருஷமா இதத்தான் பண்றேன், எனக்குத் தெரியும்."

நாங்கள் இருவர் மட்டும் ஏறி ஒரு சுற்று போய் வந்தோம். மீட்டர் ஐயாயிரத்து நானூறு. படகு பறந்தது. அண்ணன் வாயெல்லாம் பல்லாக, "கெட்டிக்காரன்டா நீ" என்று என் முதுகில் ஒன்று வைத்தான். அந்த இரண்டு பேர் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

அடுத்த மூன்று வாரமும் இரண்டு மூன்று பேராகத்தான் போய் வந்தோம், குறை எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்பா, அண்ணி, கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள், யாரும் பின்தங்கவில்லை. ஆறு பேரும் ஏறிவிட்டோம்.

அண்ணன் முழு வேகம் கொடுத்தான். படகின் மூக்கு மேலே எழுந்தது, பின்பக்கம் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. வழக்கமாக நாலைந்து நொடியில் மூக்கு தணிந்து படகு தண்ணீர் மேல் வழுக்கத் தொடங்கும். அன்று தொடங்கவில்லை. எஞ்சின் முக்கியது. மீட்டரைப் பார்த்தேன். மூவாயிரத்து எழுநூறு.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கரை அப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. திரும்பிப் போய் என்னையும் அண்ணியையும் அவள் மகளையும் இறக்கிவிட்டிருந்தால் படகு எழும்பியிருக்கும். இரண்டு நிமிடக் காரியம். ஆனால் ஏன் என்று கேட்பார்களே! நான் மாட்டியது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமே! இதோ எழும்பிவிடும், இதோ எழும்பிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"என்னடா ஆச்சு இதுக்கு?" என்று அண்ணன் எஞ்சினைக் குத்தினான்.

அப்பாவின் மடியில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறந்தாள். "மெதுவாவே போடா. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

பத்து நிமிடத்தில் கடக்கிற தண்ணீர். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அம்மாவின் கை என் கையில் கனத்தது. உள்ளேயிருந்து வந்த டாக்டர், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார்.

"எஞ்சின் இழுக்கல சார்" என்றான் அண்ணன். நான் சுவரைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவன் அதையே சொன்னான். "நாந்தான் எஞ்சின கவனிக்காம விட்டுட்டேன். என் தப்பு." ஒரு மாதம் அதைக் கேட்டுக்கொண்டு அதே வீட்டில் சாப்பிட்டேன், தூங்கினேன். நானெல்லாம் ஒரு மனுஷன்!

போன திங்கட்கிழமை காலையில் அண்ணன் படகைத் துறையில் கட்டிவிட்டுப் பட்டறைக்குள் வந்தான். தாடி எடுக்கவில்லை. "எஞ்சினப் பிரிச்சுப் பாரு. எது கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"எதுவும் கெட்டுப்போகலண்ணா" என்றேன். "புரொப்பலர் தப்பு. ரெண்டு மூணு பேருக்குத்தான் அது சரி. மூட்டை ஏத்திப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நீ கேட்ட, நான்தான் திமிருல..."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"படகுல இருக்கும்போது உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"அப்பவாவது சொல்லியிருக்கலாமேடா."

அவ்வளவுதான் சொன்னான். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவன் தேற்றவில்லை, போகவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "பழைய அளவு புரொப்பலர் இருக்கா? மாட்டு" என்றான்.

மாட்டினேன். அதற்குள் அவனே மூலையிலிருந்து மூட்டைகளைத் தூக்கிப் படகில் ஏற்றத் தொடங்கியிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நாங்கள் இருவரும் நேரில் இருக்கிறோம், மீதி நாலு பேருக்கு நாலு மூட்டை என்று நான் நாலாவதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அண்ணன் படகிலிருந்து அதைப் பார்த்தான். பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அது வேணாம்டா, எறக்கி வை. இனிமே மூணு போதும்."

மூட்டையோடு நின்றேன். இறக்கி வைக்க எனக்குக் கை வரவில்லை.