அத்தானின் விளையாட்டு

எங்கள் மோட்டார் பட்டறையில் அத்தானுக்கு ஒரு விளையாட்டு உண்டு. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரைச் சுவர் பிளக்கில் தொட்டெடுத்து, "இந்தா, பிடி!" என்று யார் மேலாவது வீசுவார். பிடித்தவர் அலறினால் எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரிக்காதவர்மேல் அடுத்தது விழும். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதுகூட என் அக்காவை அவர் விடவில்லை.

சில நாள் ஷாக் அடிக்கும், சில நாள் சும்மா இருக்கும்.

"எப்ப அடிக்கும்னு எனக்கே தெரியாதுடி. அதான் ருசியே" என்பார்.

மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் எனக்குத் தெரியும். சுவரில் வருவது ஏசி மின்சாரம். அது நொடிக்குள் பலமுறை திசை மாறும். கெப்பாசிட்டரும் கூடவே நிரம்பும், காலியாகும். பிடுங்கும் கணத்தில் இருந்ததுதான் மிச்சம். பேட்டரியில் வரும் டிசி அப்படியில்லை. ஒரே பக்கமாக நிரப்பிவிட்டு நின்றுவிடும். கம்பியைப் பிரித்தாலும் நிரம்பியது நிரம்பியதுதான்.

நேற்று அவர் வீசியதில் அக்காவின் விரல் கொப்புளித்துப்போனது. இன்று காலை ஒரு கெப்பாசிட்டரை டிசியில் நிரப்பி, அவர் மாட்டவிருந்த மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கையும் வேலையாக இருந்தால் கெப்பாசிட்டரின் இரண்டு கம்பிகளையும் பல்லில் கவ்விக்கொள்வது அவர் பழக்கம்.

கவ்வினார். ஸ்டூலோடு சாய்ந்தார். வாயில் ரத்தம், பேச்சு வரவில்லை. பழக்கதோஷத்தில் பட்டறையே சிரித்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னொண்ணு இருக்காடி?" என்றாள்.